33ஆவது வழக்கு ஏன் ஒட்டவில்லை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்தில் பள்ளிக்கூட நாட்களில் நீங்களும் அக்காவும் ஒரே நாற்காலியில் ஒண்டி உட்கார்ந்து நான்சி ட்ரூ துப்பறியும் கேம்களை ஆடியிருக்கிறீர்கள். ஆங்கில வசனத்தை அக்கா படித்துத் தமிழில் சொல்வார், மௌஸ் உங்கள் கையில். 32ஆம் பாகத்தோடு அது நின்றுபோனது. இப்போது சொந்தக் காசில் 33ஆம் பாகமான 'மிட்நைட் இன் சேலம்' வாங்கிப் போட்டால் இரண்டாம் நாள் சாயங்காலமே அலுத்துவிட்டது. "கேமே மோசமா, இல்லை எனக்குத்தான் வயசாயிடுச்சா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். முகங்கள் மரப்பாச்சி மாதிரி இருக்கின்றன, நடை சரியில்லை என்பதையெல்லாம் நீங்களே எழுதிவிட்டீர்கள். அதற்கு ஆமாம் போட நான் தேவையில்லை. அந்தக் கடைசி வரிக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பேசுகிற யோக்கியதை எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2003லிருந்து ஐந்து வருடம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன பிரௌசிங் சென்டர் நடத்தினேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். அப்புறம் சென்னையில் ஒன்பது வருடம் கேம் டெஸ்டிங் வேலை, அதாவது மற்றவர்கள் செய்த கேமில் எங்கே ஓட்டை என்று தேடும் வேலை. இப்போது சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே அதே வேலையை அவ்வப்போது செய்கிறேன். நான்சி ட்ரூ கேம்களைச் செய்த ஹெர் இன்ட்ராக்டிவ் கம்பெனிக்குள் நான் இருந்ததில்லை. ஆகவே உள்ளே நடந்ததைப் பற்றி எதையாவது சொன்னால் அது என் ஊகம். ஊகம் வருகிற இடத்தில் ஊகம் என்றே எழுதுகிறேன்.

ஊகமே தேவைப்படாத விஷயங்களிலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கம்பெனி அது. முதல் பாகம் 1998இல் வந்தது. 32ஆம் பாகமான 'சீ ஆஃப் டார்க்னஸ்' 2015 மே மாதம் வந்தது. கணக்குப் போட்டால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு. தீபாவளி மலர் மாதிரி, வந்தே தீரும் என்ற நம்பிக்கை ஆடுகிறவர்களுக்கு இருந்தது. அடுத்தது வந்தது 2019 டிசம்பரில். நாலரை வருட இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன. இத்தனை வருடமாக வைத்திருந்த சொந்த இன்ஜினை, அதாவது கேமை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை, விட்டுவிட்டு யூனிட்டி என்ற பொது இன்ஜினுக்கு மாறினார்கள். 32 பாகத்திலும் நான்சிக்குக் குரல் கொடுத்த லானி மினெல்லாவுக்குப் பதில் பிரிட்னி காக்ஸ் வந்தார்.

குரல் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பலரும் பழியைப் போடுவது அதன் மேல்தான். பழைய குரல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஒரு நடிகருக்கு வழக்கமாக டப்பிங் கொடுப்பவர் மாறிவிட்டால் படம் முழுக்க நமக்கு நெருடும், ஆனால் அதனாலேயே படம் கெட்டுப்போவதில்லை. தவிர, நான்சி ட்ரூ ஒருவர் சொத்தாக இருந்த பாத்திரமே இல்லை. 1930இல் புத்தகமாக வந்தபோது அட்டையில் கரோலின் கீன் என்று இருந்தது, அப்படி ஒருவர் கிடையாது. எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் என்பவர் நடத்திய எழுத்துப் பட்டறையில் கதைச் சுருக்கம் தயாராகும், வேறொருவர் எழுதுவார். ஆரம்பப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மில்ட்ரெட் பென்சன். அவருக்குப் பிறகு எத்தனையோ பேர். கை மாறி மாறியே தொண்ணூறு வருடம் ஓடிய வண்டி அது. ஆகவே மாறிவிட்டது என்பது மட்டுமே குற்றமாகாது. மாறும்போது எது விழுந்துபோனது என்று பார்க்க வேண்டும்.

விழுந்துபோனது தேடல். இதை விளக்கப் பழைய கேம்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பாகங்களில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு அறையும் முன்கூட்டியே வரைந்து முடித்த படங்களின் அடுக்கு. வாசலில் நின்றால் ஒரு படம், மேஜை அருகே போனால் இன்னொரு படம், இழுப்பறையைத் திறந்தால் மூன்றாவது. ஒவ்வொரு படத்தையும் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆற அமர உட்கார்ந்து தயாரிக்கலாம், ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அதைக் காட்டினால் மட்டும் போதும். புதிய முறையில் படம் நீங்கள் பார்க்கிற கணத்தில் வரையப்படுகிறது. நொடிக்கு 30 படம் என்று வைத்தால், ஒரு படத்துக்கு 33 மில்லி நொடிதான் அவகாசம். விளக்கு வெளிச்சம், மரத்தின் பளபளப்பு, தூசி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பெரிய பணமும் பெரிய குழுவும் இருப்பவர்கள் அதிலேயே அற்புதம் செய்கிறார்கள். சின்னக் கம்பெனிக்கு அது சுலபமில்லை. பத்து வருடம் முந்தைய பாகம் புதியதைவிட அழகாகத் தெரிகிறதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா, காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அழகு இரண்டாம் பட்சம். அசையாத படத்தில் இன்னொரு வசதி இருந்தது. நீங்கள் எங்கே நின்று எதைப் பார்ப்பீர்கள் என்பதை வரைபவர் முடிவு செய்தார். ஆகவே ஒளித்துவைக்கவும் அவரால் முடிந்தது. திரைச்சீலையின் மடிப்பில் ஒரு சாவி, புத்தக வரிசையில் தலைகீழாக ஒரு புத்தகம். மௌஸை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவீர்கள், பூதக்கண்ணாடி வடிவக் கர்சர் ஓரிடத்தில் சிவக்கும். அந்தச் சிவப்புக்காகத்தான் நாம் ஆடினோம் என்றே சொல்வேன். என் சென்டரில் 2005 வாக்கில் 'கர்ஸ் ஆஃப் பிளாக்மோர் மேனர்' போட்டு வைத்திருந்தேன். இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை, பென்வெலின் என்ற குடும்பம், ஒவ்வொரு தலைமுறையும் அந்த வீட்டுக்குள் ஒரு ரகசியத்தைச் சேர்த்து வைத்துப் போயிருக்கிறது. அதில் இடம் மாறுகிற அறைகள் வரும். சைதாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் (சென்னை சைதாப்பேட்டை இல்லை, நம் ஊர் சைதாப்பேட்டை) மூன்று நாள் அதில் மாட்டிக்கொண்டான். "இன்னாண்ணே இது, சுத்திச் சுத்தி அதே ரூமுக்கே வருது" என்று புலம்பினான். நாலாம் நாள் ரஃப் நோட்டில் கட்டம் போட்டுக் கொண்டுவந்தான். எந்த நெம்புகோலை இழுத்தால் எந்த அறை எங்கே நகர்கிறது என்று அம்புக்குறியோடு வரைந்திருந்தான். பரீட்சைக்கு அப்படி ஒரு படம் வரைந்திருந்தால் முழு மதிப்பெண். கதவு திறந்தபோது மற்ற ஐந்து கம்ப்யூட்டர்காரர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

அந்த மாதிரி நோட்டுப் படத்தை 33ஆம் பாகமான 'சேலம்' என்னிடம் கேட்கவே இல்லை. முழுதாக ஆடி முடித்தேன். ஒரு காகிதம்கூடச் செலவாகவில்லை. அறைகள் பெரியவை, பார்வையை எந்தப் பக்கமும் திருப்பலாம், ஆனால் திருப்பிப் பார்த்தால் தொடக் கிடைப்பவை குறைவு. புதிர்கள் இருக்கின்றன, எண்ணிக்கையில் கம்மி, இருப்பவையும் அந்த இடத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. நடுவில் நீளமான பேச்சு. ஒருவரிடம் போய்ப் பேசு, அவர் சொல்வதைக் கேள், இன்னொருவரிடம் போ. பழைய பாகங்களிலும் பேச்சு உண்டு, ஆனால் அங்கே பேச்சு ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அதைச் சரிபார்க்க ஓர் அறைக்குள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டியிருக்கும். இங்கே பேச்சே விசாரணை, பேச்சே தீர்ப்பு. நீங்கள் அலுத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் "யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

ஏன் இப்படி ஆனது? இங்கிருந்து என் ஊகம், ஆனால் பட்ட அனுபவத்திலிருந்து வருகிற ஊகம். சென்னையில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பொருள் தேடும் கேம் ஒன்று தொடராக வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது பாகத்துக்கு இன்ஜினை மாற்ற முடிவெடுத்தார்கள். படங்களை மாற்றினார்கள், ஒலியை மாற்றினார்கள், எல்லாம் அட்டவணை போட்டு நடந்தது. ஆனால் பொருளை எங்கே ஒளிப்பது என்பதை அதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அந்தச் சமயத்தில் வேலையை விட்டுப் போனார். அவர் எங்களிடம் போகிற போக்கில் சொல்வார்: "முக்கியமானதை வாசலுக்கு நேரே வைக்காதே. ஆள் ஏமாந்து திரும்பிப் போறப்போ கண்ணுல படற மாதிரி வை." இது எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை. ஐந்தாம் பாகத்தில் எல்லாப் பொருளும் வாசலுக்கு நேரே இருந்தது. டெஸ்டிங்கில் நாங்கள் இதைப் பிழை என்று பதியக்கூட முடியவில்லை. கிளிக் செய்தால் வேலை செய்கிறது, அப்புறம் என்ன பிழை? "சுவாரஸ்யமாக இல்லை" என்று போட அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஐந்தாம் பாகத்தோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

நாலரை வருடத்தில் 'சேலம்' குழுவிலும் இப்படி ஏதோ ஒன்று கை நழுவியிருக்கும் என்பது என் எண்ணம். வருடத்துக்கு இரண்டு கேம் செய்கிற குழுவுக்கு ஒரு கைப்பழக்கம் இருக்கும், நெசவு மாதிரி. உங்கள் ஊரில் தறியை நிறுத்திவிட்டு நாலு வருடம் கழித்துப் புதுத் தறியில் உட்காரச் சொன்னால் பழைய ஆளுக்கே கை தடுமாறும். புது ஆளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதிகக் கோபம் அங்கேதான். கதை நடக்கும் சேலம் நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். அங்கே 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 150க்கும் மேற்பட்டவர்கள் மீது குற்றம் சாட்டினார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். இதில் ஒரு துப்பறியும் கதைக்குத் தங்கச் சுரங்கமான விஷயம் என்னவென்றால், அந்த வழக்கில் ஏற்றுக்கொண்ட சாட்சி. "இவளுடைய ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒருவர் சொன்னால் நீதிமன்றம் அதை எழுதிக்கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பயனில்லை, வந்தது ஆவிதானே. விசாரித்தவர்களில் ஒருவர் ஜான் ஹாத்தோர்ன். கேமில் தீப்பிடித்து எரிவது அந்த ஹாத்தோர்ன் பெயர் கொண்ட வீடு, பழி விழுவது மே பாரி என்ற சின்னப் பெண் மேல். பொய்ச் சாட்சியால் பெண்களைக் கொன்ற ஊரில், மறுபடி ஒரு பெண் மேல் ஊரே கை நீட்டுகிறது. எவ்வளவு பிரமாதமான முடிச்சு! ஆடுகிறவர் கையில் ஒரு பழைய சாட்சியத்தைக் கொடுத்து, இதில் எது கண்ணால் கண்டது, எது கற்பனை என்று பிரிக்கச் சொல்லியிருக்கலாம். அதை வைத்தே இன்றைய வழக்கை அவிழ்க்க விட்டிருக்கலாம். வரலாறு கேமில் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் யாரோ சொல்லக் கேட்கிற வரலாறாக வருகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் நம் வேலூர்க் கோட்டை ஞாபகம் வரும். அகழி சூழ்ந்த கோட்டை, உள்ளே போக ஒரே வாசல். அதற்குள் ஒரு கோயில், ஒரு மசூதி, ஒரு தேவாலயம். திப்பு குடும்பத்தை அடைத்து வைத்த மாளிகைகள். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் எழுந்த இடம். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்து வைத்து, 1832இல் அவர் இறந்ததும் அங்கேயே. ஜலகண்டேஸ்வரர் கோயிலோ காலகாலமாக மூலவர் இல்லாமல் கிடந்தது. 'சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை' என்று ஊரே தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்ளும். 1981இல்தான் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய்த் திரும்ப வைத்தார்கள். இந்த இடத்தை வைத்து ஒரு கேம் செய்தால், கல்யாண மண்டபத் தூண் சிற்பங்களில் எந்த உருவம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே ஒரு புதிர். காலியான கருவறையே ஒரு கேள்வி. அதை விட்டுவிட்டு மண்டபத்தில் ஒரு கைடை நிறுத்தி, அவர் வாயால் எல்லாவற்றையும் சொல்ல வைத்தால் எப்படி இருக்கும்? 'சேலம்' எனக்கு அப்படித்தான் இருந்தது.

இதே தொடர் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறது என்பதற்கு நான் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. 2011இல் வந்த 25ஆம் பாகம் 'அலிபை இன் ஆஷஸ்'. அதுவும் தீ வைத்த வழக்குதான். நான்சியின் சொந்த ஊரில் டவுன்ஹால் எரிகிறது, நான்சியையே பிடித்து உள்ளே வைக்கிறார்கள். வெளியே இருக்கிற அவள் தோழிகள் பெஸ், ஜார்ஜ், காதலன் நெட் ஆகியோராக மாறி மாறி ஆடி நீங்கள் சாட்சி சேகரிக்க வேண்டும். யாரை எங்கே அனுப்பினால் காரியம் நடக்கும் என்பதே ஒரு புதிர், ஏனென்றால் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரோடு ஒவ்வொரு விதமாகப் பேசுவார்கள். எரிந்த கட்டிடத்தைத் துருவ வேண்டும். நடுவில் ஐஸ்கிரீம் கடையில் வேலை வேறு. குடியாத்தத்துக்காரரான உங்களுக்குத் தீயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற ஊர். எங்கே முதலில் பற்றியது, எது பற்றவைத்தது, எது தானாகப் பற்றியது என்று கேட்டுக்கொண்டே போகிற சுகம் அந்தப் பாகத்தில் இருக்கிறது. சேலத்தில் வந்து உதவி கேட்கிற டீட்ரா, இந்த 25ஆம் பாகத்தில் சந்தேகப் பட்டியலில் இருந்தவள். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள், குற்றம் கேமிடமா உங்களிடமா என்பது ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். முடிவை நான் உடைக்கவில்லை.

இந்தத் தடுமாற்றம் இவர்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதும் உண்மை. 1996இல் தொடங்கிய 'ப்ரோக்கன் ஸ்வோர்ட்' என்ற துப்பறியும் தொடர், இரண்டு பாகம் கையால் வரைந்த படங்களோடு வந்து, 2003இல் மூன்றாம் பாகத்தில் முப்பரிமாணத்துக்குப் போனது. வரலாற்று ரகசியம் தேடிய நாயகன் அதில் பெரும்பாலும் பெட்டி தள்ளிக்கொண்டிருந்தான். பார்சல் ஆபீஸ் உத்தியோகம் மாதிரி. பத்து வருடம் கழித்து, 2013இல், ரசிகர்களிடமே பணம் திரட்டிப் பழைய பாணிக்குத் திரும்பினார்கள். ஜப்பானின் 'பேராசிரியர் லேட்டன்' என்ற புதிர் கேம் தொடரில் புதிர்களுக்குப் பின்னால் இருந்தவர் அகிரா டாகோ. அவர் 2016இல் காலமானார். அடுத்த வருடம் பேராசிரியரின் மகளை நாயகியாக வைத்து வந்த கேமில், படம் இசை எல்லாம் அதே தரம், புதிர் மட்டும் எனக்கு வேறு கையின் ருசியாகப் பட்டது. இது என் நாக்கு, உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம்.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். வயது காரணமா? கொஞ்சம் இருக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு பூட்டுக்கு முன்னால் ஒரு வாரம் உட்கார முடிந்தது, ஏனென்றால் வேறு கேம் கிடையாது, நெட்டில் விடை பார்க்க வழி கிடையாது. இப்போது பத்து நிமிஷம் மாட்டினால் போன் கையில் இருக்கிறது. அந்த வகையில் நம் பொறுமை மாறியிருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் ஆடியது இரண்டு பேர் ஆட்டம். அந்த மின்வெட்டுக் காலம் நினைவிருக்கும், எப்போது போகும் என்று தெரியாது. பழைய பாகங்களில் நாமே சேவ் செய்ய வேண்டும், யு.பி.எஸ். இல்லாத வீட்டில் கரண்ட் போனால் ஒரு மணி நேர உழைப்பு காலி. அந்த இருட்டில் அக்காவும் நீங்களும் அடுத்து என்ன செய்யலாம் என்று பேசியிருப்பீர்கள். பாதிப் புதிர் அப்படிப் பேசும்போதுதான் அவிழ்ந்திருக்கும். 33ஆம் பாகத்தை நீங்கள் தனியாக ஆடியிருக்கிறீர்கள். எந்தக் கம்பெனியாலும் ஒரு சிடிக்குள் அக்காவை வைத்து அனுப்ப முடியாது. ஏமாற்றத்தில் இதற்கு எவ்வளவு பங்கு, கேமுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கத் தராசு என்னிடம் இல்லை. ஆனால் நான் முதல் தடவையே தனியாக, சம்பளத்துக்கு ஆடுகிற கண்ணோடு ஆடி, நீங்கள் சொன்ன அதே இடங்களில் அலுத்தேன். ஆகவே பெரும்பங்கு கேமுடையது என்று தைரியமாகச் சொல்வேன்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். தொடரை முன்பு தொடாதவர்கள் சிலர் 'சேலத்தை' ரசித்து ஆடியதைப் பார்த்திருக்கிறேன். என் தங்கை மகள் அவர்களில் ஒருத்தி. நான்சிக்குத் துணையாகத் துப்பறிய வருகிற ஹார்டி சகோதரர்களின் காட்சிகளில் சிரித்தாள், இலையுதிர்காலத் தெருக்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள், தீ வைத்தது யார் என்பதைக் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. அவளிடம் போய் 32 பாகத்து வரலாற்றைச் சொல்லி ருசியைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

34ஆம் பாகம் 'மிஸ்டரி ஆஃப் தி செவன் கீஸ்' 2024 மே மாதம் வந்தது, கதை ப்ராக் நகரத்தில். உங்கள் ஏமாற்றத்தால் அதைத் தொடாமல் இருக்கிறீர்கள் என்றால், ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பழைய உயரம் இல்லை. ஆனால் சாவி, பூட்டு, தேடல் என்று கைக்கு வேலை திரும்பி வந்திருக்கிறது. நான் மூன்று தாள் கிறுக்கினேன். முழு விலை கொடுத்து அவசரப்பட வேண்டாம், கேம் விற்கிற ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தள்ளுபடி போடுவார்கள், அதுவரை பொறுங்கள்.

அதற்கு முன் 25ஆம் பாகத்தை அக்காவோடு ஆடுங்கள். அவர் இப்போது ஓசூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீடியோ காலில் திரையைப் பகிர்ந்துகொண்டால் போதும், மௌஸ் உங்களிடம், படிப்பது அவரிடம், பழையபடி. பரணில் கிடக்கும் சிடியை நம்பாதீர்கள், இன்றைய விண்டோஸில் அது ஓடாமல் மல்லுக்கட்டும், பெரும்பாலான பழைய பாகங்கள் ஸ்டீமிலேயே கிடைக்கின்றன. ஆரம்பத்தில் நிலை கேட்கும்போது கடினமானதைத் தேர்ந்தெடுங்கள், செய்ய வேண்டிய வேலைப் பட்டியல் அதில் வராது, நோட்டு எடுத்தே ஆக வேண்டும். சேவ் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். மின்வெட்டு குறைந்துவிட்டது, லேப்டாப் பேட்டரி எப்போது காலை வாரும் என்று யாருக்குத் தெரியும். ஐஸ்கிரீம் கடை வேலையை மட்டும் அக்காவிடம் விட்டுவிடுங்கள், அதை நான் நாலு தடவை சொதப்பினேன்.